எம்.பி.யின் ஒன்பதரைப் பேச்சு

"ஆகவே..." என்றார் எம்.பி. அத்தோடு மைக் செத்துப்போனது.

செத்தது டெல்லியில், ராஜ்யசபாவில். ஆனால் அந்தச் சாவு ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. என் குடோனில் இருக்கும் டிவியின் சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்து, வாசலில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி, சபை நடவடிக்கையைத் தெருவுக்கே போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நல்லதைச் செய்ய யாராவது கேட்டுக்கொள்ள வேண்டுமா என்ன?

பகல் பதினொன்றே கால் இருக்கும். எதிர்க்கடையில் துளசி மாலை கட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது. கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று, ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து நடுத்தெருவில் மௌனமாக நின்றுவிட்டது. டிவியில் எங்கள் எம்.பி.யின் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. கை மேலே போனது, கீழே வந்தது. சத்தம் இல்லை.

"ஆகவே என்னங்க?" என்று மாலை கட்டும் பெண் கேட்டாள்.

"இரும்மா, வரும்" என்று சொல்லிவிட்டு ஆம்ப்ளிஃபயரைத் தட்டினேன். வயரை ஆட்டினேன். என் செட்டில் கோளாறு இல்லை. ஐம்பது வருஷமாக என் செட்டில் கோளாறு வந்ததே இல்லை. வந்தது என்று யாராவது சொன்னால், அவர்கள் வேறு ஆளிடம் செட் எடுத்துவிட்டு என் பெயரைச் சொல்கிறார்கள்.

குடோனுக்குள் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த கமால் பாய் மட்டும் சிரித்தார்.

"பேச்சு முடியலைல்ல? முடியாத பேச்சு கணக்குல வராது மைக்கு. எழுதிக்குங்க."

என்ன கணக்கு என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பந்தலா, மைக்கா?

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மைக் செட் சிங்காரம்; பாய்க்கு வெறும் 'மைக்கு'. படிப்பு மூன்றாம் வகுப்பு; அதுவும் பாதி. மீதிப் பாதியை நான் படித்திருந்தால் இந்த ஊர் தாங்கியிருக்காது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோவில் திருவிழா என்று திருச்சி வட்டாரத்தில் எவர் எங்கே வாய் திறந்தாலும் அவருக்கும் ஜனங்களுக்கும் நடுவில் என் வயர் ஓடியிருக்கும்.

பேச்சாளர் இருமுவதைக் கேட்டே எவ்வளவு நேரம் பேசுவார் என்று சொல்லிவிடுவேன். ஒற்றை இருமல் என்றால் பத்து நிமிஷம். இரண்டு இருமலும் ஒரு வாய்த் தண்ணீரும் என்றால் நான் டீ குடித்துவிட்டு வரலாம். துண்டை எடுத்து வாயைத் துடைத்தால் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தும் இருக்கிறேன்.

கமால் பாய் பந்தல்காரர். பெரிய கடைவீதிப் பக்கம் வீடு. ஷாமியானா, நாற்காலி எல்லாம் அவருடையது. நாற்பது வருஷமாக ஒரே கூட்டங்களில் அவர் பந்தல் போடுவார், நான் மைக் கட்டுவேன். அதே நாற்பது வருஷமாக எங்களுக்குள் ஒரே சண்டை. கூட்டத்துக்கு முக்கியம் பந்தலா, மைக்கா?

"மண்டை காயிற வெயில்ல நிக்க வெச்சா எவன்யா பேச்சு கேப்பான்?" என்பார் அவர்.

"காதுல விழாத பேச்சுக்கு நெழல் எதுக்கு பாய்? நெழல்ல உக்காந்து வேடிக்கை பாக்கவா?" என்பேன் நான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சண்டையை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது எங்கள் எம்.பி.தான். அவருக்கே தெரியாமல்.

ஷாக்

எம்.பி.யின் பெயர் வக்கீல் மாணிக்கவேல். எந்தக் கட்சி என்று எழுதமாட்டேன். எல்லாக் கட்சிக்கும் மைக் கட்டுகிறவன் நான். என் கொள்கை வேறு, வயர் வேறு.

அவர் முதன்முதலாக மேடை ஏறியது உறையூரில் ஒரு தெருமுனைக் கூட்டத்தில். என் மைக்கில்தான். அப்போது மெலிந்த ஆள், கறுப்புக் கோட்டோடு வந்திருந்தார். கால் ஆடிய ஆட்டத்தில் மேடைப் பலகை சத்தம் போட்டது. பிடிமானம் வேண்டும் என்று மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்தார். அன்றைக்கு மழைத் தூறல். ஸ்டாண்டில் லேசாக கரன்ட் கசிந்துகொண்டிருந்தது. அது கோளாறு இல்லை. ஈரம்.

"அய்யோ!" என்று அலறினார்.

அந்த அலறல் எட்டுக் குழாயில் போனது. தறி ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் தறி நின்றது. ஜனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள். இந்த மனுஷன் நமக்காக இப்படித் துடிக்கிறானே என்று கைதட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல். அன்று முதல் இன்று வரை அவர் எந்தப் பேச்சையும் "அய்யோ, என் மக்களே" என்றுதான் ஆரம்பிக்கிறார். அவரை உருவாக்கியது யார் என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான், அவர் ராஜ்யசபாவுக்குப் போய் ஒரு வருஷம் ஆன பிறகு, பாய் ஒருநாள் காலையில் வந்து கிண்டல் செய்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க ஆளு டெல்லியில ஏசி ரூமுல நல்லா தூங்குறாராமே?"

"என் மைக்ல பேசுன வாய் பாய் அது. மூடாது."

"அப்படியா? இந்தத் தடவை சபை கூடுதுல்ல. பத்து வாட்டி பேசுவாரா உங்க ஆளு?"

"பத்து என்ன, இருபது!"

"பத்து போதும். பேசலைன்னா?"

அங்கேதான் பந்தயம் பிறந்தது. கூட்டத்தொடர் முடிந்ததும் வாழை வியாபாரிகள் எம்.பி.க்குப் பாராட்டு விழா நடத்துவதாக இருந்தார்கள். பந்தல் பாயுடையது, மைக் என்னுடையது. பத்துப் பேச்சு வந்தால், பாய் அந்த மேடை ஏறி, என் மைக்கைப் பிடித்து, "மைக் இல்லாத பந்தல் வெறும் துணி" என்று ஊர் அறியச் சொல்ல வேண்டும். வராவிட்டால் நான் ஏறி, "பந்தல் இல்லாத மைக் வெறும் தகரம்" என்று சொல்ல வேண்டும்.

சிரிக்காதீர்கள். நாற்பது வருஷச் சண்டை. சொன்னவன் சொன்னதுதான். அதற்கப்புறம் ஆயுசுக்கும் வாயைத் திறக்க முடியாது.

நோட்டுப் புத்தகம்

நடுவராக ரங்கராஜன் சாரைப் பிடித்தோம். பொன்மலையில் ரயில்வே ஆபீசில் ஃபைல் பார்த்து ரிட்டயரானவர். வடக்கு உத்தர வீதி. காலையில் பெருமாள் சேவை, அப்புறம் என் குடோனில் பேப்பர். இங்கிலீஷ் தெரியும். சபையில் நடந்ததை மறுநாள் போனில் எடுத்துப் படிக்கவும் தெரியும். பேனா வைத்துக் கோடு போட்டால் ரயில் தண்டவாளம் மாதிரி நேராகப் போகும்.

அவர் நோட்டின் முதல் பக்கத்தில் விதிகள் எழுதினார். எழுந்து நின்று மைக்கில் பேசினால் ஒன்று. இன்னொரு எம்.பி. பேசியதோடு "நானும் இணைகிறேன்" என்று மட்டும் சொன்னால் அரை.

"இணைகிறேன்னா என்னங்க சார்?" என்றேன்.

"இன்னொருத்தர் பேசினதுக்கு நானும் கூடன்னு சொல்றது ஓய். அங்க அது ஒரு சம்பிரதாயம்."

"ததாஸ்து சொல்ற மாதிரியா?" என்றார் பாய்.

"ஆமா ஸ்வாமி, உமக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனை கல்யாணத்துக்குப் பந்தல் போட்டிருக்கேன்!"

கூட்டத்தொடரின் முதல் நாள் சபை கூடியது. கூச்சல். ஒத்திவைத்தார்கள். இரண்டாம் நாள் கூடியது. கூச்சல். ஒத்திவைத்தார்கள். என் தெருவில் இரண்டு நாளும் வெறும் கூச்சல் ஒலிபரப்பானதில், எங்கேயோ அடிதடி என்று நினைத்துப் போலீஸ்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் பத்து நிமிஷம் நின்று ரசித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் சபை ஓடியது. எம்.பி. எழுந்தார். ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினேன். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். தாளைக் கொடுத்தார். உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ரங்கராஜன் சார் போனைப் பார்த்துச் சொன்னார். "எழுதிக் குடுத்ததை மேஜையில வெச்சிருக்கார். படிச்சதா எடுத்துண்டாச்சுன்னு போட்டிருக்கா. இதுக்கு ஒண்ணு போடலாமா?"

பாய் அதிசயமாகத் தலையாட்டினார். "போட்டுக்கட்டும், பாவம்."

நான்தான் கெடுத்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சார் அநியாயம்! மைக்ல படாத பேச்சு பேச்சா? அப்ப எங்க தொழில் எதுக்கு? காகிதத்தைக் காட்டினா போதும்னா நான் அம்பது வருஷமா வயரைச் சுமந்தது எதுக்கு? அதெல்லாம் கணக்குல வரக் கூடாது!"

"நீரே சொல்றீரா?" என்றார் ரங்கராஜன் சார்.

"நானே சொல்றேன்!"

அவர் நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். பாய் டீயை உறிஞ்சிக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஓட்டு விஷயத்துக்குத் தனிப் பக்கம் வைத்திருந்தேன். அது பந்தயத்தில் சேராது, என் சொந்த ஆசை. ராஜ்யசபாவில் பெரும்பாலும் பெயர் சொல்லி ஓட்டு எடுப்பதில்லை. ஆதரிப்பவர்கள் "ஆம்" என்று கத்த வேண்டும், எதிர்ப்பவர்கள் "இல்லை" என்று கத்த வேண்டும். எது பெரிய சத்தமோ அது ஜெயிக்கும். இதைக் கேட்டபோது எனக்கு ராஜ்யசபா மேல் தனி மரியாதை வந்துவிட்டது. சத்தத்தின் அருமை தெரிந்தவர்கள்!

அந்தக் கூச்சலில் எங்கள் எம்.பி. எந்தப் பக்கம் கத்தினார் என்று நான் காதை ஸ்பீக்கரில் வைத்துக் கண்டுபிடித்து எழுதினேன்.

"யோவ், மார்க்கெட்டு சத்தத்துல ஒரு வாழைத்தார் கீழ விழுந்ததைக் கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கு" என்றார் பாய்.

"அதையும் கண்டுபிடிப்பேன். பூவனா ரஸ்தாளியான்னும் சொல்லுவேன்."

ஒருநாள் பட்டன் அமுக்கி ஓட்டு எடுத்தார்கள். அதில் பெயரோடு பதிவு வரும். பட்டனுக்கு முன்னால் நடந்த கூச்சலில் எம்.பி. "இல்லை" என்று கத்தினார் என்று நான் எழுதியிருந்தேன். மறுநாள் பதிவிலும் "இல்லை"தான். அன்றைக்கு நான் தெருவில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாயே ஒரு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

டெல்லி மைக்காரருக்கு ஒரு கடிதம்

இப்போது "ஆகவே"க்கு வருகிறேன். அதற்குள் ஆறு பேச்சு சேர்ந்திருந்தது; அது ஏழாவது. ஜீயபுரத்தில் ஒரு விரைவு ரயில் நின்று போக வேண்டும் என்று கேட்கத்தான் எம்.பி. எழுந்தார். "அய்யோ, என் மக்களே" என்று ஆரம்பித்தார். காவிரியைப் புகழ்ந்தார். காவிரித் தண்ணீரைக் குடிக்கும் வாழையைப் புகழ்ந்தார். வாழையிலை, வாழைப்பூ, வாழைத்தண்டு, வாழைநார் என்று ஒவ்வொன்றாகப் புகழ்ந்துவிட்டு, "ஆகவே" என்றார். ரயில் வருவதற்குள் மைக் போய்விட்டது.

என் தொழிலில் பேச்சு நடுவில் மைக் செத்தால் அதைவிட அவமானம் கிடையாது. பேசியவரின் ஆட்கள் மைக்காரரைத்தான் பிடிப்பார்கள். நான் ஒருமுறை கொள்ளிடக் கரை வரை ஓடியிருக்கிறேன். (அதுவும் கோளாறு இல்லை. ஆடு ஒன்று வயரைத் தின்றுவிட்டது.) டெல்லியில் அந்த மைக்காரருக்கு என்ன ஆகியிருக்குமோ என்று எனக்குப் பதறியது. அன்று மத்தியானமே ஒரு கடிதம் எழுதிப் போட்டேன்.

"மைக் ஆபரேட்டர் அவர்களுக்கு, ராஜ்யசபா, டெல்லி. வணக்கம். இன்று தங்கள் மைக் செத்ததைப் பார்த்தேன். வயர் சேரும் இடத்தில் ஈயப் பற்று விட்டிருக்கும். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வைக்கவும். யாராவது அடிக்க வந்தால் கரன்ட் ஏற்ற இறக்கம் என்று சொல்லவும். தேவைப்பட்டால் நான் வருகிறேன். வெளியூர் ஆர்டரும் எடுப்போம்." கீழே என் விசிட்டிங் கார்டைக் குண்டூசியால் குத்தினேன்.

மறுநாள் ரங்கராஜன் சாரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார்.

"ஓய், அது ரிப்பேர் இல்லை. மூணு நிமிஷம்தான் அவாளுக்கு. மூணு நிமிஷம் ஆனா மைக் தானா அணைஞ்சுடும்."

"மைக் தானா அணையுமா? எந்த மைக்காரன் சார் அதுக்கு ஒத்துக்குவான்?"

"சட்டம் ஓய்."

நான் இன்றும் நம்பவில்லை. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வேலை போயிருக்கும், பாவம்.

பாய் கேட்ட கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. "பேச்சு முடியலையே சார், எப்படிக் கணக்குல சேப்பீங்க?"

ரங்கராஜன் சார் விதியைப் படித்துப் பார்த்தார். "எழுந்து நின்னாரா? நின்னார். மைக்ல பேசினாரா? பேசினார். என்ன கேட்டார்னு விதியில இல்லை. ஒண்ணு."

"வாழைப்பழத்தைப் பத்திப் பேசிட்டு ஒக்காந்துட்டாரு, அதுக்கு ஒண்ணா?"

"ஒண்ணு" என்று கோடு போட்டார்.

கடைசி நாள்

அப்புறம் எம்.பி. சுறுசுறுப்பானார். எட்டு. ஒன்பது. ஒரு நாள் இன்னொருவர் பேச்சோடு இணைந்தார், ஒன்பதரை. இன்னும் அரைதான் வேண்டும். சபைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் பாய்க்கு, மேடையில் எப்படி மைக்கைப் பிடிக்க வேண்டும், வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடம் விட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். பாய் முகம் சுண்டிப்போய்க் கேட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கூச்சலில் போனது. மூன்றாம் நாள் காலை சபை கூடியது, பத்து நிமிஷம் ஒரே அமளி, காலவரையின்றி ஒத்திவைத்துவிட்டார்கள். டிவியில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். முடிந்தது.

பாய் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "அல்ஹம்துலில்லாஹ்!"

"இருங்க பாய்" என்றேன். "பேசினார். நான் கேட்டேன். அந்த அமளி நடுவுல 'அய்யோ'ன்னு ஒரு குரல். நம்ம வக்கீல் குரல். அதுக்கு அரையாவது உண்டு."

"பதிவுல 'குறுக்கீடு'ன்னுதான் போடுவா ஓய், பேர் இருக்காது" என்றார் ரங்கராஜன் சார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா மைக்ல கேட்டிருக்கு, அவரும் எழுந்துதான் நின்னிருப்பார். அவரே 'ஆமா, நான்தான்'னு சொன்னா அரை போடறேன்."

பாய் என்னைப் பார்த்து, "மைக்கு, உங்க காதை நான் நம்புறேன். நீங்களே போன் போட்டுக் கேளுங்க. நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். ரங்கராஜன் சாரும் சாப்பிடப் போனார்.

குடோனில் நான் மட்டும். போன் போட்டேன்.

"அண்ணே!" என்றார் எம்.பி. குரல் குழறியது. விஷயத்தைக் கேட்டேன்.

"நானா? நான் இன்னிக்கு சபைக்கே போகலைண்ணே. கடவாய்ப் பல்லு. டாக்டர்கிட்ட ஒக்காந்திருந்தேன். அங்கயும் 'அய்யோ'ன்னுதான் கத்துனேன், ஆனா அது அவைக் குறிப்புல வராதே!"

போனை வைத்துவிட்டு அப்படியே ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

தோற்றது இருக்கட்டும்; அன்றைக்கு அந்தத் தாளை நானே அடிக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் பத்தரை. என் காது! ஐம்பது வருஷமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த காது. சபையிலேயே இல்லாத மனுஷன் கத்தினான் என்று அடித்துச் சொன்ன காது. "ஆமா, அவர்தான் கத்தினாராம்" என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? எம்.பி.யும் மறந்துவிடுவார். பாய் என் வாயிலிருந்து வருவதை நம்புகிறேன் என்று சொல்லிவிட்டல்லவா போயிருக்கிறார்.

அதுதான் சனியன். நம்பமாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் கூசாமல் பொய் சொல்லியிருப்பேன்.

பாய் திரும்பி வந்ததும் சொல்லிவிட்டேன். "அவர் இல்லை பாய். பல்லு புடுங்கப் போயிருந்தாராம்." பிறகு ஓட்டுப் பக்கத்தை எடுத்து, நான் காதால் எழுதிய அத்தனை "ஆம்" "இல்லை"யையும் நானே அடித்தேன். என் கோடு கோணலாகப் போனது.

பாய் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

என் மைக்கில் நான்

பாராட்டு விழா ஒரு ஞாயிறு காலை, உறையூரில். பாய் அன்றைக்குப் போட்ட பந்தலை நான் சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. வாழை வியாபாரிகளின் செயலாளர் தனலட்சுமி அம்மா பட்டுப் புடவையில் ஓடிக்கொண்டிருந்தார். எம்.பி.க்கு மத்தியானம் விமானம். எல்லாம் நிமிஷக் கணக்கு.

"சிங்காரம் அண்ணன் ஒரே ஒரு வரி சொல்லணுமாம். சொல்லிட்டு இறங்கிடுவார். அடுத்து எம்.பி. அய்யா பேசுவார்" என்று அறிவித்தார்.

ஏறினேன். எதிரே முந்நூறு நாற்காலி, அத்தனையிலும் முகம். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஐம்பது வருஷத்தில் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" தவிர நான் எந்த மைக்கிலும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஹலோ" என்றேன். "மைக் டெஸ்டிங்."

சிரித்தார்கள்.

"ஒன், டூ..."

இன்னும் சிரித்தார்கள். ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்தேன். முதல் வரிசையில் பாய் வெள்ளைச் சட்டையும் அத்தரும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் காத்திருந்த வரியைக் கேட்க முன்னால் சாய்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"பந்தல் இல்லாத மைக் வெறும் தகரம்!"

அப்புறம் கைதட்டினார்கள்.

எனக்கு! என் மைக்கில்! வயர் மாட்டிவிட்டு மேடைக்குப் பின்னால் பீடி பிடித்துக்கொண்டே எத்தனை ஆயிரம் கைதட்டல் கேட்டிருக்கிறேன். அது முதுகில் விழுகிற சத்தம். முகத்தில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இறங்கக் கால் வரவில்லை.

"ஏன் சொல்றேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

பந்தயத்தைச் சொன்னேன். ஒன்பதரையைச் சொன்னேன். கடிதத்தைச் சொன்னேன். பல் டாக்டரைச் சொன்னேன். எம்.பி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உற்சாகத்தில், அவருடைய முதல் "அய்யோ" ஷாக் அடித்ததால் வந்தது என்பதையும் சொல்லிவிட்டேன். பந்தல் குலுங்கியது. எம்.பி. சிரிப்பதை நிறுத்தினார்.

தனலட்சுமி அம்மா ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். படிப்பு மூன்றாம் வகுப்பு பாதி என்பதால் அதைப் படிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது சீட்டையும் வைத்துக்கொண்டேன்.

"யோவ், தோத்தவன் பேசுற பேச்சாய்யா இது? எறங்குய்யா!" என்று பாய் கீழேயிருந்து கத்தினார். மைக் இல்லாததால் அவர் சத்தம் எடுபடவில்லை.

நான் முடித்தபோது எம்.பி.யின் உதவியாளர் கார் கதவைத் திறந்து வைத்திருந்தார். எம்.பி. மைக் பக்கம் ஓடி வந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டார், என்னை ஒரு பார்வை பார்த்தார், போய்விட்டார். தன்னைப் பாராட்டும் கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரங்கராஜன் சார் பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்து வந்திருந்தார். "சிங்காரம், நாப்பத்தோரு நிமிஷம். எம்.பி., கும்பிடு. அது கணக்குல வராது" என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை

தனலட்சுமி அம்மா என்னோடு பேசுவதில்லை. அது போகட்டும். மறுநாள் காலையில் பாய் வழக்கம்போல் குடோனுக்கு வந்தார். நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்தார். ரங்கராஜன் சார் பக்கத்தில் பேப்பருக்குள் இருந்தார். டீ வந்தது. குடித்தார். எனக்கும் வந்தது. குடித்தேன்.

பேச்சு வரவில்லை.

"நேத்து பந்தல் நல்லா இருந்துச்சா?" என்றார் கடைசியில்.

"நல்லா இருந்துச்சு பாய்."

"ம்."

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும், அவர் ஒன்று சொல்ல வேண்டும். ஆனால் அதுதான் முடிந்துவிட்டதே. ஊர் அறியச் சொல்லியாயிற்று. ஜெயித்த மனுஷன், வீட்டில் திருட்டுப் போனவர் மாதிரி காலி கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெளம்பட்டுமா?" என்றார். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. நாற்பது வருஷத்தில் அவர் பதினொன்றுக்கு முன்னால் கிளம்பியதில்லை.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

"பாய், ஒரு சந்தேகம். கூட்டத்துல ஃபேன் வைக்கிறோம்ல, அது பந்தல்ல சேருமா, மைக்ல சேருமா?"

பாய் திரும்பினார். "இதுல என்னய்யா சந்தேகம்? காத்து நெழலோட சேந்தது. பந்தல்தான்."

"கரன்ட் என்னுது பாய்."

"கரன்ட் ஒன்னுதா? மின்சார வாரியம் ஒங்க மாமனாரு வீடா?"

"வயர் என்னுதுல்ல! வயரைப் புடுங்கினா ஒங்க ஃபேனு வெறும் கம்பி!"

பாய் செருப்பைக் கழற்றி வீசினார். வந்து உட்கார்ந்தார். "யோவ் மைக்கு, நீ பேசாத. ரங்கராஜன் சார், நீங்க சொல்லுங்க!"

ரங்கராஜன் சார் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே நேராக ஒரு கோடு போட்டார்.

நான் இன்னும் இரண்டு டீ சொன்னேன்.